தலையாட்டினால் எந்திரத்துக்குத் தெரியுமா?



இன்று நான் எழுத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் பேச்சைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் வாயைத் திறக்காமல் பேசும் பேச்சைப் பற்றி.

முதலில் ஒரு நடந்த கதை சொல்கிறேன்.

என் சித்திக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. விதவை உதவித்தொகைதான் அவருக்கு ஆதாரம். ஒரு சமயம் இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. ஓர் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை யாரோ கொடுத்தார்கள். சித்தி திண்ணையில் உட்கார்ந்து பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

மறுமுனையில் பேசியது மனிதர் அல்ல, எந்திரம். குரல் மட்டும் பெண் குரல்.

"உங்கள் குறையைச் சொல்லுங்கள்" என்றது எந்திரம்.

"அம்மா, நான் வந்து..." என்று தொடங்கினார் சித்தி. எப்படிச் சொல்வது என்று யோசித்தார். கொஞ்சம் நிறுத்தினார்.

"மன்னிக்கவும். புரியவில்லை" என்றது எந்திரம்.

பிறகு அது கேட்டது: "உங்களுக்குப் பணம் வரவில்லையா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்."

சித்தி வேகமாகத் தலையை ஆட்டினார். வாய் பேசவில்லை. கண்ணில் நீர் தளும்பியது.

"பதில் வரவில்லை. நன்றி" என்றது எந்திரம். தொடர்பு அறுந்துவிட்டது.

சித்தி போனைக் கீழே வைத்தார். "ராசா, எனக்குப் படிக்கத்தான் தெரியலேன்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன். பேசவும் தெரியலே போலிருக்கே" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் எழுந்து நின்று நியாயம் கேட்டவர் என் சித்தி. சந்தையில் பேரம் பேசினால் அவரை யாரும் வெல்ல முடியாது. அவருக்கா பேசத் தெரியாது?

குறை சித்தியிடம் இல்லை. அவர் பேசிய பேச்சில் பாதியை அந்த எந்திரத்தால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அது எப்படி என்று பார்ப்போம்.

சொல் இல்லாத பேச்சு

நாம் வாயால் மட்டுமா பேசுகிறோம்? இல்லை. கண் பேசுகிறது. கை பேசுகிறது. தலை பேசுகிறது. முகம் பேசுகிறது. குரலின் ஏற்ற இறக்கமும் பேசுகிறது. சும்மா இருப்பதும்கூட ஒரு பேச்சுதான்.

கடைக்குப் போகிறீர்கள். "அதிலே கால் கிலோ கொடுங்க" என்கிறீர்கள். எதில்? வாய் சொல்லவில்லை. விரல் காட்டியது. கடைக்காரர் விரலைப் பார்த்தார். துவரம்பருப்பை எடுத்து நிறுத்தார்.

மகள் புகுந்த வீட்டிலிருந்து வருகிறாள். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்கிறீர்கள். "நல்லா இருக்கேன்" என்கிறாள். சொல் என்னவோ நல்ல சொல்தான். குரல் தாழ்ந்திருக்கிறது. கண் தரையைப் பார்க்கிறது. அம்மாவுக்குப் புரிந்துவிடுகிறது. அவள் நன்றாக இல்லை.

பாட்டி பேரனுக்குக் கதை சொல்கிறார். பேரன் 'உம்' கொட்டுகிறான். உம் சத்தம் நின்றால் பாட்டியும் கதையை நிறுத்திவிடுகிறார். பையன் தூங்கிவிட்டான் என்று தெரிந்துகொள்கிறார். அந்த 'உம்' ஒரு சொல்லா? அகராதியில் தேடினால் அதற்குப் பெரிய பொருள் இராது. ஆனால் "கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்" என்பதை அது சொல்லிவிடுகிறது.

இவற்றை நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. தாய் மடியில் கற்றோம். எழுத்துத் தெரியாத காலத்திலும் இந்தப் பாடத்தில் நாம் தேர்ந்தவர்கள்தான்.

யார் எப்போது பேசுவது?

இன்னொன்றைக் கவனியுங்கள். இரண்டு பேர் பேசும்போது ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குகிறார். "நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு" என்று யாராவது சொல்கிறார்களா? இல்லை. ஆனாலும் முறை தவறுவது குறைவு.

இதை அறிஞர்கள் அளந்து பார்த்தார்கள். 2009-ஆம் ஆண்டு அந்த ஆய்வு வெளிவந்தது. உலகின் பத்து மொழிகளை எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானிய மொழி, டேனிஷ் மொழி, கொரிய மொழி ஆகியவை அவற்றில் சில. ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததும் எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். கண் இமைக்கும் நேரம் என்கிறோமே, ஏறக்குறைய அவ்வளவுதான். மொழிக்கு மொழி சிறிது கூடும், குறையும். ஆனால் எல்லா மொழியிலும் பதில் வேகமாகவே வந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. கேட்பவர் முகத்தைப் பார்த்துக் கேட்டால் பதில் இன்னும் விரைவாக வந்தது. கண்ணுக்கு அவ்வளவு வலு!

இது எப்படி நடக்கிறது? அடுத்தவர் முடிக்கப் போகிறார் என்பதை நாம் முன்பே உணர்ந்துகொள்கிறோம். குரல் இறங்குகிறது. கடைசிச் சொல் கொஞ்சம் நீள்கிறது. ஆட்டிக்கொண்டிருந்த கை மடிக்குத் திரும்புகிறது. கண் நம் பக்கம் வருகிறது. நாம் பதிலுக்கு ஆயத்தமாகிறோம்.

எந்திரம் எப்படிக் கேட்கிறது?

இனி எந்திரத்தின் பக்கம் வருவோம்.

பேசும் எந்திரங்களில் பல, மூன்று படிகளில் வேலை செய்கின்றன. முதல் படி, நம் குரலை எழுத்தாக மாற்றுவது. இரண்டாம் படி, அந்த எழுத்தைப் படித்து ஒரு பதிலைத் தயாரிப்பது. மூன்றாம் படி, அந்தப் பதிலைக் குரலாக மாற்றிச் சொல்வது.

முதல் படியிலேயே என்ன நடக்கிறது பாருங்கள். குரல் எழுத்தாகிறது. எழுத்தில் அழுகை வருமா? தயக்கம் வருமா? பெருமூச்சு வருமா? வராது. "நல்லா இருக்கேன்" என்ற இரண்டு சொல் மட்டும் மிஞ்சும். தாழ்ந்த குரல் போய்விடும். தரை பார்த்த கண்ணும் போய்விடும்.

அடுத்த சிக்கல் மௌனம். நாம் பேசி முடித்தோமா என்பது எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? பழைய வழி இதுதான். அரை நொடி, முக்கால் நொடி, ஒரு நொடி என்று ஏதோ ஓர் அளவு வைத்திருப்பார்கள். அவ்வளவு நேரம் சத்தம் வராவிட்டால் நாம் முடித்துவிட்டோம் என்று எந்திரம் எடுத்துக்கொள்ளும். என் சித்தி யோசிப்பதற்காக நிறுத்தினார். எந்திரம் அவர் முடித்துவிட்டதாக எண்ணியது. "நான் வந்து" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? "புரியவில்லை" என்றது.

மூன்றாவது சிக்கல் உங்களுக்கே தெரியும். தொலைபேசிக்குக் கண் இல்லை. சித்தி தலையாட்டியது அதற்குப் போய்ச் சேரவில்லை.

இப்போது சொல்லுங்கள். பேசத் தெரியாதது யாருக்கு? சித்திக்கா, எந்திரத்துக்கா?

எந்திரத்துக்குப் பாடம்

அறிவியல் அறிஞர்கள் இந்தக் குறையை அறியாதவர்கள் அல்லர். பல ஆண்டுகளாகவே எந்திரத்துக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தர முயன்று வருகிறார்கள்.

1980-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்று ஒன்று உண்டு. அங்கே ரிச்சர்ட் போல்ட் என்பவர் ஒரு சோதனை செய்தார். ஓர் அறையின் சுவர் அளவுக்குப் பெரிய திரை. எதிரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தவர் திரையில் உள்ள ஒரு படத்தைக் கையால் காட்டி "அதை" என்பார். வேறோர் இடத்தைக் காட்டி "அங்கே வை" என்பார். கம்ப்யூட்டர் அந்தப் படத்தை அங்கே நகர்த்தும். எது 'அது', எது 'அங்கே' என்பதைக் கை காட்டும் திசையை வைத்து அது தெரிந்துகொண்டது. கடைக்காரர் நம் விரலைப் பார்ப்பது போலத்தான்.

அதே கழகத்தில் 1990-களின் பிற்பகுதியில் சிந்தியா பிரசீல் என்ற பெண்மணி ஒரு ரோபோவைச் செய்தார். அதன் பெயர் கிஸ்மெட். அதற்கு உடம்பு கிடையாது, தலை மட்டும்தான். பெரிய கண்கள், ஆடும் காதுகள், அசையும் உதடு. பேசும் சொல் எதுவும் அதற்குப் புரியாது. குரலின் தொனி மட்டும் புரியும். கொஞ்சினால் முகம் மலரும். அதட்டினால் முகம் வாடும். கைக்குழந்தையும் அப்படித்தானே? சொல் புரியும் முன்பே தொனி புரிந்துவிடுகிறது.

உதட்டைப் பற்றியும் ஒரு சோதனை உண்டு. 1976-ல் பிரிட்டனில் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இருவர் அதை வெளியிட்டார்கள். ஒரு படத்தில் ஒருவர் வாயசைக்கிறார். உதடு அசைவது 'கா' என்பதற்கு. காதில் விழும் ஒலி 'பா'. பார்த்தவர்களில் பலர் என்ன கேட்டதாகச் சொன்னார்கள் தெரியுமா? 'டா'! கண்ணை மூடிக்கொண்டால் 'பா' என்றே கேட்டது. நாம் காதால் மட்டும் கேட்பதில்லை, கண்ணாலும் கேட்கிறோம் என்று இதனால் தெரிந்தது. தறி ஓடும் கூடத்தில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள். இரைச்சலில் அவர்கள் எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சை அறிவார்கள். இன்று எந்திரத்துக்கும் கேமராவைப் பொருத்தி உதட்டைப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள்.

அண்மைக் காலத்தில் இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு புதிய எந்திர அறிவை அறிமுகம் செய்தது. குரலை எழுத்தாக்கி, எழுத்தைக் குரலாக்கும் மூன்று படிகள் அதில் இல்லை. குரலையே நேராக வாங்கிக் குரலாகவே பதில் தருகிறது. அவர்களுடைய பழைய முறையில் பதில் வரச் சராசரியாக 2.8 நொடி ஆனது. இன்னொரு வகையில் 5.4 நொடி ஆனது. புதிய முறையில் அது சராசரியாக 0.32 நொடியாகக் குறைந்தது என்று அந்த நிறுவனம் சொன்னது. மனிதர் பதில் சொல்லும் வேகத்துக்கு அது கிட்டத்தட்ட வந்துவிட்டது. குரலை எழுத்தாக்காததால் தொனியையும் சிரிப்பையும் தொலைக்காமல் வைத்துக்கொள்ளவும் அதற்கு வழி பிறந்தது.

எந்திரமும் சைகை காட்ட வேண்டும்

நம் சைகை எந்திரத்துக்குப் புரிந்தால் மட்டும் போதாது. எந்திரமும் நமக்குச் சைகை காட்ட வேண்டும். அது கேட்கிறதா, யோசிக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

'பீப்' என்று ஓர் ஒலி வருகிறதே, அது எந்திரத்தின் சைகை. "இனி நீங்கள் பேசுங்கள்" என்று பொருள். சில வீடுகளில் மேசை மேல் பேசும் பெட்டி இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சிலவற்றில் விளக்கு எரியும். "காது கொடுத்துவிட்டேன்" என்று பொருள். கடையில் பணம் வந்ததும் ஒரு சின்னப் பெட்டி சத்தமாகச் சொல்கிறது. கடைக்காரர் செல்போனைப் பார்க்காமலே தலையசைத்து நம்மை அனுப்புகிறார்.

சைகை தெளிவாக இருந்தால் பேச்சுத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு குறையும்.

குரல் திண்ணை

நம் நாட்டிலும் இதற்கு ஓர் அனுபவம் உண்டு. குஜராத்தில் உழவர்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவையை அமைத்தார்கள். அதன் பெயர் 'ஆவாஜ் ஓட்லோ'. ஓட்லோ என்றால் நம் திண்ணை மாதிரி. குரல் திண்ணை என்று சொல்லலாம். உழவர் தம் கேள்வியைப் போனில் பேசிப் பதிவு செய்யலாம். மற்றவர் கேள்வியையும் பதிலையும் கேட்கலாம்.

இதைத் தொடங்கும்போது ஒரு கேள்வி எழுந்தது. எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதை உழவர் வாயால் சொல்லவேண்டுமா? அல்லது எண்ணை அழுத்தவேண்டுமா? எழுத்துப் பழக்கம் குறைந்தவர்களுக்கு வாயால் சொல்வதே எளிது என்று பலரும் நினைப்போம். ஆனால் உழவர்களிடமே இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். எண்ணை அழுத்தியவர்களே வேலையைக் கூடுதலாக முடித்திருந்தார்கள்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது என்ன? மக்களுக்காகச் செய்யும் எந்திரத்தை மக்களிடமே கொடுத்துச் சோதிக்க வேண்டும். பேசும் வழி ஒன்றையே வைத்துக் கதவைச் சாத்திவிடக் கூடாது. எண் அழுத்தும் வழியும் வேண்டும். மனிதரிடம் பேசும் வழியும் வேண்டும்.

எந்திரத்தின் தவறான கணக்கு

சைகை ஊருக்கு ஊர் மாறும். இதையும் மறந்துவிடக் கூடாது.

நாம் 'சரி' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டுவோம். வெளிநாட்டவர் சிலர் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்வார்கள். பல்கேரியா நாட்டில் 'இல்லை' என்பதற்கே தலையை மேலும் கீழும் அசைப்பார்கள். பெரியவர் எதிரே நாம் கண்ணைத் தாழ்த்துவோம். அது மரியாதை. வேறு நாட்டில் அதைத் திருட்டு முழி என்பார்கள். ஒரு நாட்டு மக்களின் முகத்தை மட்டும் காட்டி எந்திரத்துக்குப் பாடம் சொன்னால், அது நம்மைத் தவறாகவே படிக்கும்.

இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு. முகத்தைப் பார்த்தே மனதைச் சொல்லிவிடுவோம் என்று சில நிறுவனங்கள் எந்திரங்களை விற்றன. வேலைக்கு வந்தவர் நேர்மையானவரா, மாணவன் கவனிக்கிறானா என்றெல்லாம் சொல்லும் என்றார்கள். முகம் சுளித்தவர் எல்லாரும் கோபக்காரரா? வெயிலில் நின்றாலும் முகம் சுளிக்கும். வயிற்று வலியிலும் சுளிக்கும். முகத்தை மட்டும் வைத்து மனதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று உளவியல் அறிஞர்கள் 2019-ல் விரிவாக ஆராய்ந்து சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஒரு சட்டம் செய்தது. வேலையிடத்திலும் பள்ளியிலும் எந்திரத்தை வைத்து மனவுணர்வைக் கணிப்பதை அது தடை செய்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. அந்தத் தடை 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

எந்திரம் நம் சைகையைப் புரிந்துகொண்டு உதவட்டும். நம்மை எடை போடும் நீதிபதியாக அது உட்கார வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

எந்திரம் முழுப் பாடமும் கற்கும் வரை நாம் காத்திருக்க முடியாது. காரியம் நடக்க வேண்டும். எனவே சில யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று. 'பீப்' ஒலி வந்த பிறகு பேசுங்கள். அதற்கு முன் பேசினால் அது பதிவாகாமல் போகலாம்.

இரண்டு. பேசும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துப் படியுங்கள். இடையில் நிறுத்த வேண்டாம்.

மூன்று. தலையாட்ட வேண்டாம். 'ஆம்', 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 'இது', 'அது' என்று சொல்ல வேண்டாம். பொருளின் பெயரைச் சொல்லுங்கள்.

நான்கு. இரைச்சல் இல்லாத இடத்தில் நின்று பேசுங்கள். பக்கத்தில் இருப்பவர்களைச் சற்று அமைதியாக இருக்கச் சொல்லுங்கள்.

ஐந்து. பேச்சு எடுபடவில்லையா? எண் அழுத்தும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். மனிதரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆறு. இது மிக முக்கியம். எந்திரம் இப்போது அழுவது போலவும் பேசும். நமக்குத் தெரிந்தவர் குரலிலும் பேசும். "அம்மா, ஆபத்தில் இருக்கிறேன், பணம் அனுப்பு" என்று மகன் குரலில் போன் வரலாம். தொனியைக் கேட்டு மனம் பதறும். பதற வேண்டாம். போனை வைத்துவிட்டு, மகனின் பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் பறிபோய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

சித்தி மறுபடி பேசினார்

சித்தியின் கதையை முடிக்காமல் விடலாமா?

அடுத்த நாள் சித்தி மறுபடியும் போன் செய்தார். நான் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டி மூன்று முறை படித்துப் பார்த்தார். 'பீப்' ஒலி வரும் வரை காத்திருந்தார். "எனக்கு இரண்டு மாதமாக உதவித்தொகை வரவில்லை. நான் மனிதரிடம் பேச வேண்டும்" என்றார். சற்று நேரம் பாட்டு ஒலித்தது. பிறகு ஒரு பெண் பேசினார். வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. அதைத் திருத்தினார்கள். அடுத்த மாதம் பணம் வந்தது.

அந்தப் பெண்ணிடம் பேசும்போது சித்தி பழையபடி தலையாட்டினார். கையை விரித்தார். அந்தப் பெண்ணுக்கும் அது தெரியாதுதான். ஆனால் சித்தியின் குரல் தழுதழுத்தது அவருக்குத் தெரிந்தது. "அழாதீங்கம்மா, சரி பண்ணிடலாம்" என்றார்.

எந்திரம் இன்னும் கற்க வேண்டிய பாடம் அதுதான். நாம் அதை முன்பே கற்றவர்கள். எந்திரத்தின் முன்னால் நிற்கும்போது தலைகுனிய வேண்டாம். புரியவில்லை என்று அது சொன்னால், "உனக்குப் புரியவில்லை, எனக்குப் பேசத் தெரியும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி பேசுங்கள்.

பொறுமையாகக் கேட்டீர்கள். நான் பேசும்போது நீங்கள் தலையாட்டினீர்கள், சிரித்தீர்கள், உம் கொட்டினீர்கள். அதனால்தான் என்னால் இவ்வளவு நேரம் பேச முடிந்தது.

கலந்து பேசுங்கள்

1. நீங்கள் பேசும் எந்திரத்தோடு பேசியது உண்டா? அப்போது என்ன நடந்தது?

2. வாய் திறக்காமல் நாம் காட்டும் சைகைகள் ஐந்தைச் சொல்லுங்கள். அவற்றின் பொருளை எழுதுங்கள்.

3. தெரிந்தவர் குரலில் பணம் கேட்டுப் போன் வந்தால் என்ன செய்வீர்கள்?

4. உங்கள் ஊருக்கு ஒரு பேசும் எந்திரம் வைத்தால், அதற்கு எந்தச் சைகை கட்டாயம் தெரிய வேண்டும்?